பூதமும் இயல்பும்

1

சென்ற ஆண்டு என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடம் இருப்பதால், சித்தியாரை முறையாகப் பாடம் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பெயர்கள் திரும்பவில்லை. தம்ளரைப் பார்ப்பார், அது எதற்கு என்று தெரியும், வாங்கிக் குடிப்பார். தம்ளர் என்ற சொல் மட்டும் வராது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு முன் பிடித்து, மூளையின் இடது பக்கத்தில் கறுத்திருந்த ஒரு திட்டைக் காட்டினார் டாக்டர். பேச்சு பாதிக்கப்பட்டதற்குக் காரணம் அந்த இடம்.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை சொன்னாள்: 'மூளையில என்ன ஆனா என்ன, உள்ளுக்குள்ள அவன் முழுசாத்தான் இருக்கான்.' பார்க்க வந்த தொழிற்சங்க நண்பர் வெளியே போகும்போது, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணித்தான், மெதுவாகச் சொன்னார்: 'மனசுன்னு தனியா ஒண்ணும் கிடையாது தோழர். எல்லாம் அந்தச் சதைதான். பாவ புண்ணியம்னு குழப்பிக்காதீங்க.'

இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் ஒரு வாக்கியத்தை இருவருமே கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 'இயற்கைக்கு வெளியே எதுவும் இல்லை என்றால், இருப்பதெல்லாம் ஜடமே' என்பது அந்த வாக்கியம். அத்தையால் பின்பாதியைத் தாங்க முடியாது. எனவே முன்பாதியை மறுத்தாள். நண்பர் முன்பாதியை ஏற்றவர். எனவே பின்பாதியும் தம் தலையில் விழுந்தது என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பாதிகளையும் இணைக்கும் அந்த 'என்றால்' எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

தத்துவத்தில் இப்பாதிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்று நேச்சுரலிஸம், மற்றது பிஸிகலிஸம். இவற்றை இயல்புவாதம், பூதவாதம் என்று சொல்லப்போகிறேன். நானாக உண்டாக்கிய சொற்கள் அல்ல. சுபாவவாதம் என்றும் பூதவாதம் என்றும் பழைய நூல்களில் புழங்கியவைதான். இயல்புவாதம் எல்லையைப் பற்றிய கூற்று. உலகில் நடப்பதற்குக் காரணத்தை உலகத்துக்குள்ளேயே தேடு, வெளியிலிருந்து ஒரு கையை வரவழைக்காதே என்கிறது. பூதவாதம் சரக்கைப் பற்றிய கூற்று. அந்த எல்லைக்குள் இருப்பது எதுவானாலும், மனம், வலி, கவிதை உட்பட, கடைசியில் பௌதிகப் பொருளே என்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தின் பாஷையில் சொன்னால், பேரேட்டுக்கு வெளியே வரவு செலவு இல்லை என்பது முதலாவது. பேரேட்டில் உள்ளதெல்லாம் ஒரே நாணயம் என்பது இரண்டாவது. முதலாவதை ஒப்புக்கொண்டவன் இரண்டாவதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்பதில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாடு மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது போல நம்மில் பலரும் எழுதுகிறோம். நம் நூல்களில் இது ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் பேசப்பட்டிருக்கிறது. பேசியவர்களில் பெரும்பாலோர் பூதவாதத்தின் எதிரிகள் என்பது வேறு விஷயம். எதிரிகள் அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததை, ஆதரவாளர்களாகிய நாம் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிட்டோம்.

2

சுவேதாசுவதர உபநிஷதம் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் தருகிறது. உலகத்துக்குக் காரணம் எது என்ற கேள்விக்கு அன்று புழக்கத்தில் இருந்த விடைகள் அவை: காலம், இயல்பு, நியதி, தற்செயல், பூதங்கள், கருப்பை, புருஷன். உபநிஷதம் இவற்றில் எதிலும் நின்றுவிடாமல் ஈசனை நோக்கிப் போகிறது. நமக்கு வேண்டியது பட்டியல்தான். இயல்பு ஓர் இடத்தில் இருக்கிறது. பூதங்கள் வேறோர் இடத்தில், இரண்டு பெயர்கள் தள்ளி இருக்கின்றன. பட்டியல் போட்டவருக்கு அவை இரண்டு விடைகள்.

இயல்புவாதிக்கு வழக்கமான உதாரணங்கள் முள்ளும் மயிலும். முள்ளைச் சீவியவர் யாருமில்லை, மயிலுக்கு வர்ணம் பூசியவர் யாருமில்லை, அது அதன் இயல்பு. அசுவகோஷரின் புத்த சரிதத்தில், காட்டுக்குப் போன இளவரசனைத் திருப்பி அழைத்துவர முயலும் மந்திரியின் வாயில் இந்த வாதம் வருகிறது. எல்லாம் இயல்பினால் நடக்கும்போது உன் முயற்சி எதற்கு என்று மந்திரி கேட்கிறான். வாதம் எதை மறுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது மறுப்பது செய்பவனை. முள் எதனால் ஆனது, மயிலின் உள்ளே உயிர் என்று தனியாக ஒன்று உண்டா என்பவை பற்றி அது வாயைத் திறக்கவில்லை. உயிருக்கும் ஓர் இயல்பு இருக்கலாம், அறிவது அதன் இயல்பாக இருக்கலாம் என்று சொல்பவனும் இயல்பு என்ற சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. சமணர் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களுக்கும் உலகைப் படைத்தவன் கிடையாது.

பூதவாதியோ செய்பவனைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. அவன் எண்ணுபவன். நிலம், நீர், தீ, வளி என்று நான்கு விரலை மடக்கிவிட்டு ஐந்தாவது இல்லை என்கிறான்.

இவ்விருவரும் ஒரே ஆளானது பிற்காலத் தொகுப்பு நூல்களில். 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதர்சன சங்கிரகம் சார்வாகத்தில் தொடங்குகிறது. தீயின் சூட்டுக்கும் நீரின் குளிர்ச்சிக்கும் இயல்பே காரணம் என்ற வாதம் அங்கே நான்கு பூதக்காரனின் வாயிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. சார்வாகமும் சுபாவவாதமும் ஆதியில் தனித்தனி, பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை என்பதை நம் காலத்தில் ராம்கிருஷ்ண பட்டாசார்யா விரிவாக எழுதிக் காட்டியிருக்கிறார். எதிராளியைச் சுருக்கமாக முடிக்க நினைப்பவன் அவனுடைய கட்சிகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டிய மூட்டை இது.

3

தமிழில் மூட்டை கட்டப்படாத நிலை ஒன்றைப் பார்க்கலாம். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. உ.வே. சாமிநாதையர் 1898இல் அச்சிட்டுத் தந்த நூல். வஞ்சி நகரில், மாதவன் வடிவில் வேஷம் மாறிய மணிமேகலை ஒவ்வொரு வாதியாகக் கேட்டுக்கொண்டு போகிறாள்: அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி. கவிதை என்று பார்த்தால் இக்காதை வறட்சியானது. அதனாலேயே இலக்கியக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டிய மூவரைப் பார்ப்போம்.

ஆசீவகனுடைய உலகத்தில் எல்லாம் அணு. பழைய அணு அழிவதில்லை, புதிய அணு பிறப்பதில்லை, கூடும், பிரியும், செறிந்து வயிரமாகும், துளைபட்டு மூங்கிலாகும். ஆனால் அவன் எண்ணிக்கை ஐந்து. நிலம், நீர், தீ, வளி, உயிர். உயிரை அவன் உலகத்துக்கு வெளியே வைக்கவில்லை; மண்ணோடும் நீரோடும் ஒரே வரிசையில் உட்காரவைக்கிறான். மண்ணாகவோ நீராகவோ அதைக் கரைத்துவிடவும் இல்லை. வேண்டுதலுக்கும் தவத்துக்கும் அசையாத நியதியின் உலகம் அவனுடையது. இயல்புவாதத்தில் அவன் எவருக்கும் குறைந்தவன் அல்ல. நான்கு பூதக்காரன் மட்டும் அல்ல. வடக்கே மூல நூல்கள் அழிந்துபோன இந்தச் சமயத்தின் வரலாற்றை ஏ.எல். பாஷம் 1951இல் எழுதியபோது மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய தமிழ் நூல்களை ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருந்தது.

சாங்கியன் வேறு இடத்தில் கோடு போடுகிறான். மூலப்பகுதியிலிருந்து புத்தி, அதன் வழியே அகங்காரம், மனம், பொறிகள், பூதங்கள் எல்லாம் தோன்றுகின்றன. ஆகவே நாம் மனம் என்று சொல்வது முழுக்க இயற்கையின் விளைவு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் புருடன் மட்டும் தனி.

கடைசியாகப் பூதவாதி. தாதகிப் பூவையும் கருப்புக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளின் களிப்புப் பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். பூதங்கள் பிரிந்தால் உணர்வு பறையோசை போலத் தேய்ந்து இல்லாமற்போகும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த உலோகாயதம். அடுத்து அவன் சொல்வதுதான் முக்கியம். உயிரோடு கூடிய உணர்வுள்ள பூதமும் உண்டு, உயிரில்லாத பூதமும் உண்டு. அந்தந்தப் பூதம் அந்தந்தப் பூதத்தின் வழியாகவே பிறக்கும். இதைச் சொல்லிவிட்டு, மற்றவற்றிலெல்லாம் உலோகாயதனும் தானும் ஒன்று என்கிறான். அதாவது இந்த இடத்தில் ஒன்றல்ல. சாத்தனார் பௌத்தர், பூதவாதி மேல் அவருக்கு அனுதாபம் கிடையாது. அப்படியிருந்தும் பூதவாதிகளுக்குள்ளேயே இருந்த பிளவைக் குறித்து வைக்கும் நேர்மை அவருக்கு இருந்தது.

இரண்டு கூற்றும் முரண்படுகின்றன என்று தோன்றலாம். போதை இல்லாத பொருள்களிலிருந்து போதை பிறக்கும் என்றால், உயிரில்லாததிலிருந்து உயிர் பிறக்கட்டுமே. உயிருள்ள பூதம் என்று இன்னொரு வகை எதற்கு? அவன் குழம்பிவிட்டான் என்று கடந்துபோகலாம். தன் உதாரணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

4

உதாரணத்தையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தாதகி என்பது மலைக்காடுகளில் வளரும் சிவந்த பூக்கொண்ட ஒரு செடி. ஆயுர்வேத அரிஷ்டங்களில் இன்றும் இந்தப் பூவைப் போடுகிறார்கள். கஷாயத்தோடு வெல்லத்தையும் தாதகிப் பூவையும் சேர்த்துப் பானையை மூடி வைத்தால் சில வாரங்களில் புளித்துச் சாராயச் சத்து ஏறுகிறது. பூ எதற்கு? பூவின் தேனிலும் இதழிலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஒட்டியிருக்கிறது. வெல்லத்தைத் தின்று போதையை விடுவது அது.

ஆக, ஜடமும் ஜடமும் கூடிப் புதிய குணம் பிறந்ததற்கு உலோகாயதன் காட்டிய முதல் சாட்சியின் பானைக்குள் ஓர் உயிர் உட்கார்ந்திருந்திருக்கிறது. நொதித்தல் உயிரின் வேலை என்று 1857 முதல் லூயி பாஸ்தர் சோதனைகளால் காட்டினார். உயிர்வழிதான் உயிரின் காரியம் நடக்கும் என்பதற்கு இது பலமான சாட்சி. பூதவாதி தன் இரண்டாவது கூற்றை முதல் உதாரணத்துக்குள்ளேயே, தெரியாமல், வைத்திருந்தான்.

கதை அங்கே முடியவில்லை. 1897இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, பிழிந்து, உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத சாற்றை எடுத்தார். சர்க்கரையில் அந்தச் சாற்றை விட்டபோது நொதித்தது. 1907இல் அதற்காக அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உயிரின் வேலை என்று நினைத்ததை உயிரில்லாத சாறு செய்துவிட்டது. இப்போது உலோகாயதன் கை ஓங்குகிறது. அப்போதும் பூதவாதி விடமாட்டான். அந்தச் சாறு எங்கிருந்து வந்தது, உயிருள்ள ஈஸ்ட்டைப் பிழிந்ததால்தானே என்று கேட்பான். அந்த ஈஸ்ட்டுக்கு முந்திய ஈஸ்ட், அதற்கும் முந்தியது என்று போனால், பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது என்ற கேள்வியில் போய் நிற்போம். அந்தக் கேள்வியை இன்றும் ரசாயனக் கூடங்களில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பாஸ்தரும் புக்னரும் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். இருவரும் பார்த்தது பானைக்குள். தேவதை வந்து புளிக்கவைத்தது என்று இருவருமே சொல்லவில்லை. பானைக்குள் பார் என்பது இயல்புவாதம். பார்த்துக்கொண்டே போனால் அடியில் இன்னதுதான் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது பூதவாதம். முதலாவது ஒரு நடத்தை. இரண்டாவது ஓர் ஊகம். நல்ல ஊகம், பல இடங்களில் பலித்த ஊகம். நான் பந்தயம் கட்டுவதானால் அதன் பக்கமே கட்டுவேன். ஆனாலும் ஊகம். ஊகத்தை நடத்தையின் இடத்தில் வைத்தால், பானையைத் திறக்காமலே விடை சொல்லும் பழக்கம் வந்துவிடும். அத்தைக்கும் அந்தப் பழக்கம்தான்.

உலோகாயதனுக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு மூன்றும் கூடும்போது வாயில் வருகிறது என்பது. சர்வசித்தாந்த சங்கிரகம் இதைச் சொல்கிறது. இந்தப் பானைக்குள் உயிர் எதுவும் இல்லை. பாக்கின் துவர்ப்புச் சத்து சுண்ணாம்பின் காரத்தில் மாறிச் சிவக்கிறது, முழுக்க ரசாயனம். கள்ளும் தாம்பூலமும் ஒரே வாதத்துக்கு இரண்டு உதாரணங்கள் என்றே படித்துவந்திருக்கிறோம். ஒன்றுக்கு உயிர் வேண்டும், மற்றதற்கு வேண்டாம். பிரக்ஞை கள்ளைப் போன்றதா, தாம்பூலத்தைப் போன்றதா? இதைப் பூதவாதத்தின் பெயரால் முன்கூட்டித் தீர்த்துவிட முடியாது.

5

வஞ்சியில் பூதவாதி தோற்ற இடம் இதுவல்ல. அவன் தோற்றது அளவையில். கண்கூடு மட்டுமே பிரமாணம், கருதல் அளவை செல்லாது, மறுபிறப்பும் வினைப்பயனும் பொய் என்றான். முற்பிறப்பை அறிந்தவர் உண்டு என்றதும், தெய்வ மயக்கம், கனவு, பித்து என்று ஒதுக்கினான். மணிமேகலை ஒரு கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

எளிய கேள்வி, கொஞ்சம் சிரிப்பும் கலந்தது. அது அவன் கட்சியின் ஆணிவேரைத் தொடுகிறது. எல்லாம் பூதமே என்ற வாக்கியத்தில் 'எல்லாம்' என்பது யார் கண்ணுக்கும் தெரியாதது. அனுமானத்தை விட்டுவிட்டால் அவனால் தன் கொள்கையையே சொல்ல முடியாது.

வடக்கே இதை உணர்ந்த சார்வாகர் இருந்தார்கள். புரந்தரர் என்பவர், கண்ணால் சரிபார்க்கக்கூடிய உலக விஷயங்களில் அனுமானம் செல்லும், உலகைத் தாண்டியவற்றில் செல்லாது என்றார். புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். சடங்கைக் கண்டு சொர்க்கத்தை அறிய முடியாது. இது எல்லையைப் பற்றிய பேச்சு. அதாவது இயல்புவாதம். எதிர்த்திசையில் போனவர் ஜயராசி பட்டர். அவருடைய தத்வோபப்லவ சிம்மம் பாட்டன் நகரத்து ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டு 1940இல் பரோடாவில் அச்சாயிற்று. அவர் கண்கூட்டையும் விடவில்லை, நான்கு பூதங்களையும் விடவில்லை. நிறுவ முடியாது என்று எல்லாவற்றையும் கவிழ்த்துப்போட்டார். ஆக, பூதத்தைக் கைவிட்ட பிறகும் பரலோகத்தை ஏற்காமல் இருக்க முடிந்தது.

பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய நீலகேசியின் கடைசிச் சருக்கமும் பூதவாதம். முந்திய சருக்கங்களில் மற்றவரோடு வாதிட்டு வந்த நீலகேசி, பூதவாதியிடம் தன் பழைய பேய் வடிவத்தைக் காட்டி அவனை நடுங்கவைக்கிறாள். சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த இந்நூலைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது விளையாட்டல்ல. கண்கூடுதானே உன் அளவை, இதோ கண்கூடு என்று அவன் விதிப்படியே ஆடியிருக்கிறாள். அந்த நிலையில் இயல்புவாதி என்ன செய்ய வேண்டும்? பேய் நிஜமாகவே கண்முன் நின்றால், பேயும் உலகத்தில் உள்ள ஒன்று என்று குறித்துக்கொண்டு, அது என்ன தின்னும், எதில் உறங்கும் என்று விசாரிக்கத் தொடங்க வேண்டும். பூதவாதிக்கு அந்த வழி இல்லை. எண்ணிக்கையை முன்பே முடித்துவிட்டவன் அவன்.

6

ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம் வழியாகப் போனால் பஸ்ஸில் அரை மணிக்குள் விக்கிரமசிங்கபுரம். மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் (மறைவு 1785) பிறந்த ஊர். என் தகப்பனார் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். அவர் பேசியது சைவ சித்தாந்தம். பூதவாதத்துக்கு ஜென்மப் பகை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சித்தியாரின் பரபக்கம் முதலில் எடுத்து மறுப்பது உலோகாயதனைத்தான்.

அப்படிப்பட்ட சித்தாந்தத்தில் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது? சடத்தின் பக்கம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணங்கள், மாயையிலிருந்து தோன்றியவை, கருவிகள். கண் எப்படிக் கருவியோ அப்படி மனமும் கருவி. நினைவு, தீர்மானம், 'நான்' என்ற முனைப்பு எல்லாம் சடக் கருவியின் வழியாக நடப்பவை. கருவியைக் கொண்டு அறிகிற ஆன்மா மட்டும் சடமல்ல.

மேல்நாட்டில் டெகார்ட் 1641இல் தம் தியானங்களில் போட்ட கோடு வேறு. உடம்பு ஒரு பக்கம், மனம் மறுபக்கம். மனம் மூளையின் செயலே என்று ஜே.ஜே.சி. ஸ்மார்ட் 1959இல் எழுதியபோது அந்தக் கோடு அழிந்ததாக அங்கே பரபரப்பு. சித்தாந்தியிடம் அந்தச் செய்தியைக் கொண்டுபோயிருந்தால், மனம் சடம் என்பதை நாங்கள் எப்போதோ சொல்லியாயிற்று, மேலே சொல் என்றிருப்பார். ஆங்கிலத்தில் மைண்ட் என்று வரும் இடத்திலெல்லாம் நாம் மனம் என்று போட்டுவிடுவதால், அவர்கள் சண்டையை நம் வீட்டில் தவறான அறையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். நம் வீட்டுச் சண்டை மனத்தைப் பற்றியதல்ல, அறிவதைப் பற்றியது. டேவிட் சாமர்ஸ் 1995இல் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார். நினைவும் கவனமும் பேச்சும் எளிய பிரச்சினைகள். இவை நடக்கும்போது உள்ளே ஓர் அனுபவம் ஏன் இருக்கிறது என்பதே கடினப் பிரச்சினை என்றார். அடுத்த வருஷம் வந்த நூலில் தம் கட்சிக்கு இயல்புவாத இருமைவாதம் என்று பேர் வைத்தார். அனுபவமும் இயற்கையின் அடிப்படைச் சரக்குகளில் ஒன்று, அதற்கும் விதிகள் இருக்கும், கடவுளை இழுக்க வேண்டாம் என்பது சாரம். வஞ்சியில் ஆசீவகன் ஐந்தாவது விரலை மடக்கியது இதற்குத்தான் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஆனால் இரண்டும் பேரேட்டின் ஒரே பக்கத்தில் எழுதப்படும்.

சித்தாந்தத்துக்கு நான் திரும்பிவிட்டேன் என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். சிவனை வெளியிலிருந்து கொண்டுவரும் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். கோடு எங்கே போடப்பட்டது என்பதைத்தான் சொன்னேன்.

7

பிறகு 'என்றால்' எங்கிருந்து வந்தது? நம் பங்குக்கு அது மொழிபெயர்ப்பில் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் மார்க்ஸியத்தோடு பொருள்முதல்வாதம், கருத்துமுதல்வாதம் என்ற இணைச்சொற்கள் தமிழுக்கு வந்தன. எல்லாத் தத்துவத்தையும் இரண்டு பெட்டிகளில் போடலாம் என்ற வசதியும் கூடவே வந்தது. இந்த மாவட்டத்துக்காரரான நா. வானமாமலை (1917-1980) பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' இதழை நடத்திக்கொண்டு, பரபக்கத்தையும் மணிமேகலையையும் நம் தத்துவ வரலாறாகப் படிக்கக் கற்றுத்தந்தார். அவர் இல்லாவிட்டால் என் போன்றவர்கள் வஞ்சிக் காதையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். அந்தக் கடன் பெரியது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடவுளை மறுத்தவர் எல்லாம் பொருள்முதல்வாதி ஆனார்கள். ஆசீவகனும் சாங்கியனும் பூதவாதியும் ஒரே பெட்டிக்குள் திணிக்கப்பட்டார்கள். பூதவாதிக்கும் உலோகாயதனுக்கும் இருந்த வேறுபாட்டைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

மேல்நாட்டிலும் இந்த இரண்டும் சேர்ந்தே பயணம் செய்தன. 1930களின் தொடக்கத்தில் வியன்னாவில் நாய்ராத்தும் கார்னாப்பும் பிஸிகலிஸம் என்ற பெயரைப் பிரபலமாக்கியபோது, அது முதலில் மொழியைப் பற்றிய யோசனை. எல்லா விஞ்ஞானத்தையும் பௌதிகத்தின் மொழியில் எழுத முடியும் என்பது. குவைன் 1969இல் அறிவுத் தத்துவத்தையே விஞ்ஞானத்தின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்று எழுதினார். இயல்புவாதத்துக்கு இன்று பெரிய பெயர் அவருடையது. அந்தக் குவைன்தான், பௌதிகத்துக்குக் கணிதம் தவிர்க்க முடியாதது என்பதால், கணங்கள் என்னும் கணிதப் பொருள்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். அவை எந்த இடத்திலும் இல்லாதவை, எடை இல்லாதவை. இயல்புவாதத்தில் உறுதியாக நின்ற காரணத்தாலேயே பூதமல்லாத ஒன்றைப் பேரேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. ஹெம்பல் வேறொரு சிக்கலைக் காட்டினார். எல்லாம் பௌதிகம் என்கிறாயே, எந்தப் பௌதிகம்? இன்றைய பௌதிகம் என்றால் அது முடிவானதல்ல, நாளை திருத்தப்படும். நாளைய முழுமையான பௌதிகம் என்றால் அதில் என்ன இருக்கும் என்பது இன்று யாருக்கும் தெரியாது. நான்கு பூதம் என்று விரல் மடக்கியவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவன் சரக்கின் பெயரைச் சொன்னான், ஆகவே தவறு என்று காட்ட முடிந்தது.

நம் இலக்கிய வட்டத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இயற்பண்புவாதம் என்ற சொல்லை நாம் வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். கண்டதைக் கண்டபடி எழுதுவது, உள்ளொளி இல்லாதது என்று ஒரு கட்சி. சமூக இயக்கத்தின் விதிகளைக் காணாதது என்று எதிர்க் கட்சி. முன்னவர்களுக்குக் கவிதை எங்கிருந்தோ இறங்க வேண்டும். பின்னவர்களுக்கு அது எதனாலோ உண்டாக்கப்பட வேண்டும். ஒருவர் பானைக்கு மேலே பார்க்கிறார், மற்றவர் பானையின் அடியில் என்ன இருக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். ஒரு துக்கத்தை அது இருக்கிற தளத்தில் வைத்து, அதன் இயல்பு என்ன என்று கடைசிவரை பார்ப்பவனுக்கு இரண்டு கூட்டத்திலும் இடமில்லை. தமிழில் நல்ல சிறுகதைகள் பெரும்பாலும் அவன் எழுதியவை.

என் தகப்பனார் மாலையில் திண்ணையில் உட்காருகிறார். சித்தியாரில் முதல் அடியை எடுத்துக்கொடுத்தால், சில நாள் முழுப் பாட்டும் தடையில்லாமல் வருகிறது. அதில் உள்ள சொல்லைத் தனியாகக் கேட்டால் வருவதில்லை. பாட்டும் பேச்சும் மூளையில் ஒரே வழியாகப் போவதில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம், நான் நம்புகிறேன். அதைக் கேட்டதால் பாட்டு எனக்குக் குறைந்துவிடவில்லை. அத்தை சொன்ன 'முழுசாக' என்பது உண்மையல்ல. ஏதோ போய்விட்டது, அவருக்கும் அது தெரிகிறது. நண்பர் சொன்ன 'சதைதான்' என்பதும் எனக்குப் போதவில்லை. தெரிகிறது என்றேனே, அந்தத் தெரிவது எது என்று அவர் சொல்லவில்லை.

நேற்று வெற்றிலைப் பெட்டியைக் காட்டிக் கையசைத்தார். மடித்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே அந்தச் சொல்லைத் தேடினார்; உதடு சிவந்து அசைந்தது, சொல் வரவில்லை. நான் எடுத்துக்கொடுக்கவில்லை. அவரே தேடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.